வர்றோம் என்ற பட்டன்

"இன்னிக்கு வாசப்படி தாண்டினேன்னு வை, திரும்பி வரும்போது இந்த வீட்டுல உனக்குன்னு ஒண்ணும் இருக்காது. சொல்லிட்டேன்."

"இப்ப மட்டும் என்ன இருக்காம்? உங்க கடையில ஆளாளுக்கு உக்காந்து பாத்து அமுங்கிப்போன மெத்தை ஒண்ணு இருக்கு. அதையும் நீங்களே வெச்சுக்கங்க."

"கத்தாத. பக்கத்து வீட்ல காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க."

"இருக்கட்டுமே. அவங்களுக்கும் பொழுது போக வேண்டாமா."

பக்கத்து வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது நான்தான். உண்மையைச் சொன்னால் தீட்ட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் கட்டடத்தில் சுவர் என்பது ஆணி அடிப்பதற்கு மட்டும்தான். சத்தத்தைத் தடுக்கிற உத்தேசம் அதைக் கட்டியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் மாடியில் எனக்கு அடுத்த வீடு அது. புருஷன் ஒரு மெத்தைக்கடையில் விற்பனையாள். முதுகு நோகாத மெத்தை எது என்று படியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பேசுவான். அதனால் கட்டடத்தில் அவன் பெயர் மெத்தை. எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியின் பெயர் கம்ப்யூட்டர். அவர்கள் காதுபட இப்படி யாரும் கூப்பிடுவதில்லை, அந்த மரியாதை எங்களிடம் உண்டு. உள்ளறையில் அவன் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததில் வலது பக்கமும் பேச்சும் ஒன்றாகப் போய்விட்டன. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. "அதுதாங்க கொடுமை" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

பேச்சு போன மனிதர் இடது கையில் ஒரு ஸ்பூனைப் பிடித்துக்கொண்டார். கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவார். பஸ்ஸில் கம்பியைத் தட்டியே வண்டியை நிறுத்தவும் கிளப்பவும் பழகிய கை. ஒற்றைத் தட்டு என்றால் யாராவது வர வேண்டும். இரட்டைத் தட்டு என்றால் காரியம் முடிந்தது, போகலாம். ஆள் வந்து நிற்கும்வரை ஒற்றைத் தட்டு ஓயாது. அந்தச் சத்தம் கட்டிலிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து தூணுக்கும் இறங்கி, கீழ்த்தளத்துத் தையல்காரியின் மெஷின் வரைக்கும் போகும். அவள் ஒருநாள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே மாடியேறி வந்தாள்.

"உங்க மாமா தட்டற தட்டுல எனக்குக் கைத்தையலே கோணுது. ஒரு துணியையாவது சுத்திவெக்கக் கூடாதா அந்தக் கம்பியில?"

"சுத்தினேன். துணியை உருவிப் போட்டுட்டார்" என்றாள் மருமகள்.

மேல்மாடிக்காரர் வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் செய்தார். நானும் சும்மா இருக்கவில்லை. சுவரில் இந்தப் பக்கமிருந்து பதில் தட்டு தட்டிப் பார்த்தேன். கண்டக்டர் அதை நான் பேச்சுக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு உற்சாகமாகி விட்டார்.

கம்ப்யூட்டர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். மாமனார் விழுந்ததும் வேலையை விட்டாள். விட்டாள் என்றால், விடவைத்தார்கள். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றது மெத்தை. "எங்கப்பாவை வெளியாள் தொட்டுத் துடைக்கறதா?" என்றது மெத்தையின் அக்கா. அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். தொட்டுத் துடைக்க அவளும் வரவில்லை. கொஞ்ச நாள் என்பது ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. முதுகில் புண் வராமல் அந்தக் கனத்த மனிதரைப் புரட்டிப் புரட்டி இவள் தோள்பட்டை இறங்கிப்போனது. அப்போதுதான் ரியாக்ட் படிக்க ஆரம்பித்தாள்.

தையல்காரியிடம்தான் மனசு விட்டுச் சொன்னாளாம். "வேலை கிடைச்சா பகல்ல மாமாவுக்குப் பழகின ஆள் ஒருத்தரை வெச்சிடுவேன்க்கா. அவருக்கும் நல்லது. கிடைக்கலைன்னா, அதே ரூம்ல எனக்கும் ஒரு கட்டில் போட்டுக்க வேண்டியதுதான்."

பாடமெல்லாம் பதிவுசெய்த வீடியோ. ஒரு மாஸ்டர் எங்கிருந்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவார். பாத்திரம் கழுவும்போதும், மாமனாருக்குத் துணி மாற்றும்போதும் அதை ஓடவிட்டிருப்பாள். அவள் படித்தாளோ என்னவோ, சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாதிப் பாடம் முடித்துவிட்டேன். ரியாக்ட் என்பது வெப்சைட்டும் மொபைல் ஆப்பும் செய்கிற ஒரு வழி. முழுத்திரையையும் ஒரே மூச்சில் எழுதக் கூடாது. துண்டு துண்டாகச் செய்து கோக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு காம்போனென்ட். ஒரு பட்டனை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவைத்துக்கொண்டால் போதும். மேலே உள்ள எழுத்தை மட்டும் மாற்றி அதே பட்டனை வேண்டிய இடத்திலெல்லாம் வைத்துக்கொள்ளலாம். தையல்காரியிடம் இதைப் பெருமையாக எடுத்துவிட்டேன்.

"நான் பேப்பர்ல அளவு வெட்டி வெச்சிருக்கேனே, அந்த மாதிரி. ஒரு கழுத்து, நூறு சட்டை" என்றாள்.

"அளவுலயே தப்பு இருந்தா?"

"நூறு சட்டையும் கழுத்தைப் பிடிக்கும். போய் வேலையைப் பாரு."

அப்புறம் ஸ்டேட் என்று ஒரு பாடம். இதில்தான் கம்ப்யூட்டர் வாரக்கணக்கில் தடுமாறினாள். மாஸ்டரின் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவாள், எனக்கே காது வலிக்கும். எனக்குப் புரிந்த அளவில் ஸ்டேட் என்றால் திரை தனக்குள் நினைத்துக்கொண்டிருப்பது. அது நினைப்பதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். வெளியே நிஜத்தில் என்ன நடந்தது என்பது வேறு சங்கதி. இரண்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது எழுதுகிறவர் பொறுப்பு.

பாடம் முடிகிற கட்டத்தில், கற்றதை வைத்துச் சொந்தமாக ஒரு ஆப் செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் சாமான் பட்டியலும் வானிலையும் செய்தார்களாம். இவள் மாமனாருக்கு மணி செய்தாள்.

மெத்தையின் பழைய போன் ஒன்று சிம் இல்லாமல் கிடந்தது. அதைக் கட்டில் கம்பியில் ஒரு பிடி வைத்து மாட்டினாள். திரை முழுவதும் நாலே பட்டன்கள், உள்ளங்கை அகலத்துக்கு. தண்ணி. பாத்ரூம். வலி. நாலாவது பட்டனில் "சும்மா வாங்க" என்று இருந்தது. அது எதற்கு என்று தையல்காரி கேட்டதற்கு, "பாதி நேரம் அவர் அதுக்குத்தான் தட்டறார். வாய் இருந்தா கேட்டிருப்பார்" என்றாள். எந்தப் பட்டனை அமுக்கினாலும் வீட்டு வைஃபை வழியாகச் செய்தி போய் அவள் போனிலும் மெத்தை போனிலும் அக்கா போனிலும் ஒலிக்கும். அதற்குத் தன் குரலையே பதிவுசெய்து வைத்திருந்தாள். "மாமா தண்ணி கேக்கறார்." "மாமாவுக்கு வலிக்குது." "மாமா சும்மா கூப்பிடறார்." குரல் நன்றாக இருக்கும், ரயில் நிலையத்தில் அறிவிப்பதுபோல.

முதலில் அந்தப் பட்டன் யோக்கியமாகத்தான் இருந்தது. அமுக்கினால் மஞ்சளாகும். செய்தி போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வந்த பிறகுதான் பச்சையாகி "வர்றோம்" என்று காட்டும். எங்கள் கட்டடத்து இணையம் இருக்கிற லட்சணத்தில் அந்த மஞ்சள் நீண்ட நேரம் நிற்கும். கண்டக்டருக்கு அது பொறுக்கவில்லை. மறுபடி அமுக்குவார், மறுபடி அமுக்குவார், பிறகு போனைத் தள்ளிவிட்டு ஸ்பூனை எடுத்துக்கொள்வார். "அவர் என்னை நம்ப மாட்டேங்கறார்க்கா" என்று இவள் தையல்காரியிடம் அழாத குறை.

அந்த வாரம் மாஸ்டர் ஒரு பாடம் எடுத்தார். ஆளைக் காக்கவைக்கக் கூடாது. விரல் பட்டவுடனே காரியம் நடந்துவிட்டது போலத் திரையில் காட்டிவிடுங்கள், உண்மையான வேலை பின்னால் தன் பாட்டுக்கு நடக்கட்டும். அந்த நேரம் இணையம் இல்லையென்றால் செய்தியைப் பத்திரமாகச் சேர்த்துவைத்து, வந்ததும் அனுப்புங்கள். அவள் வீடியோவை நிறுத்தியது கேட்டது. தட்டச்சுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து அவள் சிரிப்பு. அந்த வீட்டில் அது அபூர்வமான பொருள்.

"ஒரே இடத்துல மாத்தினேன் மாமா, நாலும் மாறிடுச்சு. அமுக்குங்க. ம்... பாத்தீங்களா? உடனே பச்சை. வர்றோம். இந்தா வந்துட்டேன்ல?"

அமுக்கினால் பச்சை, பச்சை வந்தால் ஆள். கண்டக்டர் சீக்கிரமே பழகிவிட்டார். ஸ்பூனை அவளே மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிச் சமையலறை இழுப்பறையில் போட்டாள். கட்டடமே அவளைப் பாராட்டியது. மேல்மாடிக்காரர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். தையல்காரி ஒரு சட்டையைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தாள், அவள் சரித்திரத்தில் அது முதல்முறை. எல்லாரும் நிம்மதியாகப் பகல் தூக்கம் போட்டோம். சத்தம் போட்டுக் கூப்பிட்ட மனிதர் இப்போது சத்தமில்லாமல் கூப்பிடுகிறார் என்பதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

இந்த மணியைப் பார்த்துத்தான் ஒரு கம்பெனி அவளை நேரில் வரச் சொன்னது. அந்தக் காலையில் வாசற்படிச் சண்டை அதற்குத்தான்.

"அப்பாவை யார் பாத்துப்பா?"

"உங்க அக்கா வரேன்னிருக்காங்க. அதுவரைக்கும் மணி இருக்கு. உங்க போன்லயும் அடிக்கும், கடை என்ன கடல் தாண்டியா இருக்கு? அடிச்சா ஓடி வாங்க. ஒரு நாள்தானே?"

"ஒரு நாளா? வேலை கிடைச்சா தினம்தானே போவ. அப்புறம் சம்பளம் வரும், அப்புறம் நான் யாரோ நீ யாரோ."

"அந்தப் பயம்தானா?"

பெண்பிள்ளைகள் இந்தக் கேள்வியை வாசற்படியில் நின்று கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வேறு வழியில் வரும்.

அவள் உள்ளறைக்குப் போய், "மாமா, போயிட்டு வந்துடறேன். ஏதாவதுன்னா அமுக்குங்க, என்ன?" என்றாள். செருப்புச் சத்தம் படியிறங்கியது. அதற்குப் பிறகு மெத்தை செய்த காரியத்தைப் பின்னால் அவனே அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னான். கூடத்து மூலையில் அவள் மேஜைக்கு மேலே வைஃபை டப்பா பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அந்த டப்பா என்றால் அவள் படிப்பு, அவள் மாஸ்டர், அவள் திமிர். அதன் ப்ளக்கைப் பிடுங்கினான். வயரைச் சுருட்டி ரப்பர் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் வந்து கம்ப்யூட்டரைத் திறப்பாள், ஒன்றும் வராது, தன்னிடம் வந்து நிற்பாள் என்று கணக்கு. அப்பாவின் மணியும் அதே டப்பா வழியாகத்தான் போகிறது என்பது அவன் தலையில் ஏறவே இல்லை. அவனைப் பொறுத்தவரை மணி என்பது கட்டிலில் மாட்டியிருக்கும் போன்.

கடையில் அவன் போனைக் கல்லா மேலேயே வைத்திருந்தானாம். அதில் குறை சொல்ல முடியாது. அடிக்கவில்லை. அடிக்காததால் அப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டான். அக்காவுக்கும் அடிக்கவில்லை. அதனால் அவளும் அவசரப்படாமல், தலைக்கு எண்ணெய் வைத்து ஊறவிட்டுக் குளித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள்.

அதே நேரம் அங்கே கம்பெனியில் இவள் தன் ஆப்பைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பட்டன், நாலு இடம். மெச்சினார்கள். ஒருவர் கேட்டாராம்:

"நெட் இல்லைன்னா என்ன ஆகும்?"

"அப்பவும் பச்சை வந்துடும் சார். செய்தி போன்லயே இருக்கும். நெட் வந்ததும் வரிசையா போயிடும். ஒண்ணு கூட தவறாது."

"அப்ப அவரைக் காக்கவெக்கறதில்லை."

"இல்லை சார். காக்கவெக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினாராம்.

அந்த முற்பகல் முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். துணி மடித்தேன். தையல்காரி கீழே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேல்மாடிக்காரர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அக்கா ஈரத்தலையோடு வந்து கதவைத் திறந்தாள். அவள் போட்ட கூச்சலுக்குத்தான் நாங்கள் ஓடினோம். கண்டக்டர் கட்டில் விளிம்பில் பாதி சரிந்து கிடந்தார். இடது கை கம்பிக்கு மேல் நீட்டியபடி இருந்தது, போனைத் தொடுகிற தூரத்தில். நெற்றியில் வியர்வை காய்ந்திருந்தது. தெருமுனை டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து விட்டுவிட்டார். நெஞ்சு நின்றிருக்கிறது என்றார். உடனே நின்றதாகத் தெரியவில்லை, கொஞ்ச நேரம் அவஸ்தைப்பட்டிருக்கிறார் என்றார். "பக்கத்துல யாரும் இல்லையா?" என்று எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மெத்தை வந்தான். அவனுக்குப் பின்னாலேயே அவளும் வந்தாள். அக்காதான் போனில் அழைத்திருந்தாள். இவள் நல்ல சட்டை போட்டுத் தலை சீவி, கையில் ஒரு பைலோடு, முகத்தில் ரத்தமே இல்லாமல். செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே உள்ளறைக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையை எடுத்துக் கம்பிக்கு உள்ளே வைத்தாள்.

அக்கா பிடித்துக்கொண்டாள். "பெத்த மனுஷனை மெஷின்கிட்ட ஒப்படைச்சிட்டுச் சிங்காரிச்சுக்கிட்டுப் போனாளே. மணியாம் மணி. எங்க அடிச்சுது? என் போன்ல அடிச்சுதா? உன் போன்ல அடிச்சுதாடா தம்பி? வெறும் பொம்மை செஞ்சு மாட்டிவெச்சிருக்கா."

"அவர் அமுக்கலை அண்ணி" என்றாள் இவள், மெல்ல. "தூக்கத்துலயே போயிருப்பார். அமுக்கியிருந்தா வந்திருக்கும். நூறு தடவை பாத்திருக்கேன்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. தன் மணி தவறவில்லை, அவர் கூப்பிடவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

நான் கூடத்துக் கதவோரம் நின்றிருந்தேன். அதனால் பார்த்தேன். மெத்தை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து மூலைக்குப் போனான். பையிலிருந்து வயரை எடுத்தான். டப்பாவில் சொருகி, ப்ளக்கைச் சுவரில் மாட்டினான். ஒளித்துவிட்டால் போதும் என்று நினைத்திருப்பான் பாவம். விளக்கு சிவப்பாகி, மஞ்சளாகி, பச்சையானது.

முதலில் அக்காவின் இடுப்பிலிருந்து வந்தது குரல். "மாமா தண்ணி கேக்கறார்."

அடுத்து மெத்தையின் சட்டைப் பையிலிருந்து. அடுத்து கம்ப்யூட்டரின் கைப்பையிலிருந்து. அவள் குரல்தான், அதே அழகான அறிவிப்புக் குரல், மூன்று இடத்திலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே.

"மாமா தண்ணி கேக்கறார்."

"மாமாவுக்கு வலிக்குது."

"மாமாவுக்கு வலிக்குது."

"மாமாவுக்கு வலிக்குது."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார். வலி ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று போன்கள். கட்டிலில் மாட்டியிருந்த திரையில் அவர் அமுக்கிய மூன்று பட்டன்களும் பச்சையாக, வர்றோம், வர்றோம் என்று நின்றன. கடைசியில் வலி நின்றது. ஓர் இடைவெளி விட்டு, "மாமா சும்மா கூப்பிடறார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு எல்லாம் ஓய்ந்தது.

அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அவன் விரலில் இன்னும் சுற்றியிருந்த வயர் கட்டும் ரப்பரைப் பார்த்தாள்.

"எப்பப் பிடுங்கினீங்க?"

அவன் ரப்பரை உருவிச் சட்டைப் பையில் திணித்தான்.

"நான் படியிறங்கினதுமேவா?"

அக்கா தம்பியின் கன்னத்தில் அறைந்தாள். அவள் அவனை அடித்து யாரும் பார்த்ததில்லை. அறை வாங்கிய பிறகுதான் அவனுக்குக் குரல் வந்தது. அழுகையும் ஆத்திரமுமாகப் பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்.

"நான் பிடுங்கினேன். பாவிதான், ஒத்துக்கறேன். உன் பட்டன் ஏன் பச்சை காட்டுச்சு? நெட் இல்லைன்னா இல்லைன்னு காட்ட வேண்டியதுதானே. வர்றோம்னு அதுக்கு யார் சொன்னா? அவர் அதைப் பாத்துக்கிட்டே கிடந்திருக்கார். ஸ்பூன் இருந்தா தட்டியிருப்பார். இந்தக் கட்டடமே ஓடி வந்திருக்கும்."

அவள் பதில் சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். வாய் சளைக்காதவள். அவள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "நான்தான்" என்றாள். "நான்தான் சொன்னேன்."

காரியமெல்லாம் முடிந்தது. கட்டடம் இரண்டாகப் பிரிந்தது. ப்ளக்கைப் பிடுங்கியவன்தான் கொன்றான் என்று ஒரு கட்சி. பொய் சொல்லும் பட்டனைச் செய்தவள்தான் என்று ஒரு கட்சி. தண்ணீர் தொட்டியருகே, படியில், மொட்டைமாடியில் வாதம் நடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. எங்களையும்தான்.

கம்பெனியிலிருந்து போன் வந்தபோது கட்டட வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. அவள் "சரிங்க" என்று மட்டும் சொன்னது சுவர் வழியாக வந்தது. அன்று மத்தியானம் தட்டச்சுச் சத்தமும் கேட்டது. தையல்காரி சாப்பாடு கொண்டுபோனபோது, அவள் காலிக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை வைத்திருந்தாளாம்.

"என்னம்மா பண்ற?"

"பட்டனை மாத்திட்டேன்க்கா. அமுக்கிப் பாருங்க."

தையல்காரி தண்ணியை அமுக்கினாள். பட்டன் மஞ்சளாகிச் சுற்றிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, கைப்பைக்குள் அவள் குரல் ஒலித்த பிறகுதான் பச்சையானது.

"ஒரே இடத்துலதான் மாத்தினேன்" என்றாள். "நாலும் மாறிடுச்சு." சொல்லிவிட்டு அழவும் இல்லையாம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது என்று தையல்காரி சொன்னாள்.

அந்த மாதமே அவள் ஒரு பெட்டியோடு கிளம்பினாள். வேலை வேறு ஊரில். மெத்தை வாசல்வரை வந்தான், பெட்டியைப் பிடிக்கப் பார்த்தான், அவள் தடுக்கவில்லை. இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியதை எல்லாத் தளத்திலும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம். பஸ் வந்தது, ஏறினாள். விவாகரத்து பின்னால் சத்தமில்லாமல் ஆனது.

அவள் அங்கே இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். தையல்காரியோடு மட்டும் பேச்சுண்டு. ஆபீசில் ஒருவன் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறானாம், பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறாளாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நானும் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், தையல்காரி வாயைத் திறப்பதில்லை. அந்தக் கம்பெனி ஆப்பில்தான் இப்போது நாங்கள் சாமான் வரவழைக்கிறோம். பட்டனை அமுக்கினால் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ரொம்ப மந்தம் என்று மேல்மாடிக்காரர் திட்டுவார்.

கட்டிலைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். கம்பியில் ஸ்பூன் பட்ட இடத்தில் மட்டும் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருந்தது. மெத்தை காலிசெய்துவிட்டுப் போன அந்த வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருக்கிறது, அவர்கள் சண்டை இன்னும் சூடுபிடிக்கவில்லை.

மெத்தைக்கு அக்காவே அடுத்த வருஷம் பெண் பார்த்து முடித்தாள். அதே கடையில் பில் போடுகிற பெண், கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டாள். அக்கா வீட்டுக்கு எதிரிலேயே குடித்தனம். நல்ல பெண்தான். ஆனால் பகலில் தன் போன் ரொம்ப நேரம் அடிக்காமல் இருந்தால் இவன் கடையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்து, கதவைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவானாம். தன்மேல் சந்தேகப்பட்டுத்தான் இப்படி வந்து பார்க்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. போன மாதம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.